மூன்று மணிச் சொட்டு

மணிமாறனுக்கு ஆறாயிரம் கோழிகள். அவற்றில் ஒன்று தலையைத் தொங்கப்போட்டால் பத்தடி தள்ளி நின்றே இன்ன நோவு என்று சொல்லிவிடுவார். எருமப்பட்டிப் பக்கம் பண்ணை வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் மருந்துக் கடைக்குப் போகும் முன் அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் அன்றைக்குக் காலையில், இரண்டு கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு பிராணியின் படுக்கைத் துணியைப் பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

துணியில் இரத்தம். பெரிதாக ஒன்றுமில்லை, கட்டை விரல் ரேகை வைத்த அளவுக்கு ஒரு சிவப்புத் திட்டு. ஆனால் அந்தத் திட்டுக்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏழு மாதத்தில் இது மூன்றாம் முறை.

திட்டின் சொந்தக்காரிக்குப் பெயர் பணியாரம். கினிப் பன்றி. பன்றி என்று பெயர்தானே தவிர எலிக்குத்தான் உறவு. மகள் அபிநயா பன்னிரண்டாவது படித்தபோது சேலத்தில் ஒரு கடையில் அடம்பிடித்து வாங்கி வந்தது. உருண்டையாகவும் ஓரம் கருகின பழுப்பாகவும் இருந்ததால் அந்தப் பெயர். அப்புறம் அபிநயா கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனாள். விடுதியில் பிராணிகளுக்கு இடமில்லை. இரண்டு நாள் அழுதுவிட்டுப் போனவள் மூன்றாவது மாதத்தில், வாரத்துக்கு ஒருமுறை "பணியாரம் நல்லா இருக்குதாம்மா?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டாள். பிள்ளைகள் வாங்குவதும் பெற்றவர்கள் வளர்ப்பதும் உலக வழக்கம்தானே.

இதில் வேடிக்கை என்னவென்றால், "எலியெல்லாம் ஊட்டுக்குள்ள உட மாட்டேன்" என்று வாசலில் நின்று மறித்தவள் மணிமாறனின் மனைவி சௌந்திரம். இப்போது அவளுக்கு அது "சாமி". "சாமி, பசிக்குதா? சாமி, இங்க வா." பக்கத்துத் தோட்டத்துக்காரி விளையாட்டாகச் சீமைப் பெருச்சாளி என்று சொல்லிவிட்டதற்கு, அவள் வீட்டுக் கிடா வெட்டுக்கே சௌந்திரம் போகவில்லை. கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கத்திச் சண்டை போட்டு மணிமாறன் கேட்டதில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருமுறை நான்கு மாதம் நின்றது. கத்துகிறவர்களிடம் பயப்பட என்ன இருக்கிறது? மணிமாறன் பயந்ததெல்லாம் அந்த நான்கு மாதத்துக்குத்தான்.

முதல் கல் ஆடி மாதத்தில் வந்தது. மூத்திரம் பெய்யும்போதெல்லாம் பணியாரம் முதுகை வளைத்துக்கொண்டு விசில் அடிப்பதுபோல் கத்தியது. நாமக்கல்லில் நாய், பூனை, முயலுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற டாக்டர் கயல்விழியிடம் சௌந்திரம் தூக்கிக்கொண்டு ஓடினாள். மூத்திரப் பையில் கொண்டைக்கடலை அளவுக்குக் கல். வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். அன்றைக்கு முட்டை லோடு ஏற்றுகிற நாள், மணிமாறனால் போக முடியவில்லை. சாயங்காலம் சௌந்திரம் தையல் போட்ட பிராணியோடும் ஒரு காகிதத்தோடும் வந்தாள். காகிதத்தில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தது.

"இந்த மொறப்படிதானுங்க இனி. முருங்க, அகத்தி, குதிரமசால் தழ ஒண்ணும் ஆகாது" என்றாள்.

"செரி" என்றார் மணிமாறன்.

ஏன் ஆகாது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பண்ணை நடக்கிற விதமே அப்படி. நூறு லிட்டர் தண்ணீருக்கு இத்தனை மில்லி, காலையில் மூன்று நாள் என்று சொன்னால் போதும், வேலைக்காரர்கள் கலக்கிவிட்டுப் போவார்கள். காரணம் கேட்டுக்கொண்டு நின்றால் கோழி செத்துவிடும். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டிருந்தது.

சௌந்திரம் அந்தக் காகிதத்தைப் பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரி படித்தாள். கொழுக்கட்டைப் புல்லை அவளே அறுத்து நிழலில் உலர்த்தினாள். குடைமிளகாயும் வெள்ளரியும் சமையலறைத் தராசில் கிராம் கணக்காக ஏறின. தொள்ளாயிரம் அடி ஆழத்துப் போர்வெல் தண்ணீர் அதன் வாயில் படக்கூடாது என்று கேன் தண்ணீர் வந்தது. மனிதர்கள் போர்வெல் தண்ணீரையே குடித்தார்கள். நாளைக்கு எத்தனை கிராம் தின்றது, எத்தனை மில்லி குடித்தது, மூத்திரம் தெளிவா கலங்கலா என்று ஒரு நோட்டில் தினமும் எழுதினாள்.

அந்த நோட்டில் ஏறாத ஒன்று இருந்தது. அது மணிமாறனுக்கு மட்டும்தான் தெரியும்.

அறுவை முடிந்து வந்த மூன்று நாளும் பணியாரம் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டே கிடந்தது.  கூண்டில் முட்டையாய் இட்டுத் தள்ளுகிற கோழி ஒரு நாள் இப்படித்தான் கால் விழுந்து உட்கார்ந்துவிடும். எலும்பில் இருப்பதையெல்லாம் முட்டை ஓட்டுக்குக் கொடுத்துவிட்டு அதற்கு நிற்கச் சக்தி இருக்காது. கால்சியம் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மறுநாள் எழுந்து நிற்கும். அவர் கையால் எழுப்பி விட்ட கோழிகளுக்குக் கணக்கே இல்லை. ஆகவே நான்காம் நாள் மதியம் மூன்று மணிக்கு, சௌந்திரம் முட்டை அறையில் அட்டை அடுக்கிக்கொண்டிருந்த நேரம், ஊசியில்லாத சிரிஞ்சில் ஒரு மில்லி எடுத்துப் பணியாரத்தின் வாயோரத்தில் வைத்தார். கொஞ்சம் தித்திப்பான மருந்து அது. கண்ணை மூடிக்கொண்டு சப்பிச் சப்பிக் குடித்தது. ஐந்தாம் நாள் எழுந்து நடந்தது.

அன்றைக்கு மணிமாறனுக்கு இருந்த பெருமையை யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் டாக்டர் காகிதத்தில் இல்லாததைக் கொடுத்தீர்களா என்று சௌந்திரம் முகத்தைத் தூக்கிக்கொள்வாள். அதனால் சொல்லவில்லை, விடவும் இல்லை. தினம் மூன்று மணிக்கு ஒரு மில்லி. அவர் காலடிச் சத்தம் கேட்டாலே பணியாரம் கம்பியைப் பிடித்து நின்று கீச்சிடும். கார்த்திகையில் இரண்டாவது கல் வந்தது. மறுபடியும் வயிற்றைத் திறந்தார்கள். அன்றைக்கும் அவர் போகவில்லை, கோழிகளுக்குத் தடுப்பூசி. இந்தத் தண்ணீரே சரியில்லை, கேன்காரன் ஏமாற்றுகிறான் என்று கேனை மாற்றினார். இரண்டு அறுவையைத் தாங்கிய உடம்பாயிற்றே என்று சொட்டையும் இரண்டு மில்லியாக்கினார். கல் தண்ணீரால் வருவது, கால்சியம் எலும்புக்குப் போவது. அவர் மனசில் இரண்டும் வேறு வேறு ஊர்களில் இருந்தன.

இப்போது மாசி மாதம், துணியில் மூன்றாம் முறை இரத்தம்.

"ஏனுங்க, வண்டிய எடுங்க" என்றாள் சௌந்திரம். அழவில்லை. கூடையில் துணியை விரித்துக்கொண்டிருந்தாள். "போன தடவையே டாக்டரம்மா சொன்னாங்க, இன்னொருக்கா அறுத்தா தாங்காதுன்னு."

முட்டை ஏற்றுகிற சின்ன வண்டியில் அவர் ஓட்ட, அவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேகத்தடை வரும்போதெல்லாம் கூடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். வழியில் ஓர் இடத்தில் பணியாரம் மூத்திரம் பெய்ய முயன்று கத்தியது. மெல்லிசாக, நீளமாக ஒரு கத்தல். மணிமாறன் வேகத்தைக் குறைத்தார். கோழி சாவது அவருக்குப் புதிதில்லை. காலையில் இருபது செத்துக் கிடந்தால் குழி தோண்டிப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கிறவர்தான். இந்தக் கத்தல் மட்டும் ஏன் இப்படிக் குலையை நடுங்க வைக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை.

டாக்டர் கயல்விழிக்கு நாற்பது வயதிருக்கும். பணியாரத்தை வாங்கி, வயிற்றை விரலால் தடவிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். சாம்பல் நிறத்தில் சின்ன முதுகெலும்பு, அதற்குக் கீழே பளிச்சென்று வெள்ளையாக ஒரு புள்ளி. அதைச் சுற்றி மாவு கரைத்தாற்போல் ஒரு மங்கல்.

"தொவரம்பருப்பு அளவுக்கு ஒண்ணு இருக்குதுங்க. மூத்திரம் வெளிய வர்ற வழியில வந்து நிக்குது. சுத்தி இருக்கறது பூரா மணல் மாதிரி. அடுத்த கல்லுக்குத் தயாராகுதுன்னு அர்த்தம்."

சௌந்திரம் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஏழு மாதம், ஒரு நாள் விடவில்லை. மூடி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நானே வளத்தாலும் இவ்வளவு சுத்தமாப் பாத்துக்க மாட்டேனுங்க" என்றார். "அதுதான் எனக்குக் கவலையா இருக்குது. இந்தச் சாப்பாட்டுக்குக் கல்லு வரவே கூடாது. டானிக்கு, கால்சியம், சொட்டு மருந்து, அப்பிடி ஏதாச்சும் குடுக்கறீங்களா?"

"இல்லீங்க."

"யாராச்சும் தெரியாமக்கூட?"

"இல்லவே இல்லீங்க. எம் பொண்ணு மேல சத்தியமா வேற ஒண்ணும் அது வாயில போகலீங்க."

மணிமாறன் எக்ஸ்ரே படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏன் கேக்கறேன்னா," டாக்டர் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார், "மத்த பிராணிக வேணுங்கற கால்சியத்த மட்டும் எடுத்துக்கும். இது அப்பிடியில்ல. உள்ள போறதுல பெரும்பங்க ரத்தத்துல ஏத்திக்கிட்டு, மிச்சத்த மூத்திரத்துலதான் தள்ளும். அளவு கூடுச்சுன்னா மூத்திரப் பையில படிஞ்சு கல்லாயிரும்."

கோழிக்கு ஒரு வழி இருக்கிறது. தின்ற சுண்ணாம்பையெல்லாம் ஓடாக்கி வெளியே தள்ளிவிடும். முட்டையிடாத ஒரு பிராணி அதை எங்கே கொண்டுபோய் வைக்கும்? இருபது வருஷம் கோழி வளர்த்த மனிதருக்கு இது ஒரு நொடியில் விளங்கிவிட்டது.  மூன்று கல்லையும் சொட்டுச் சொட்டாக அவரே உள்ளே வைத்திருக்கிறார். இல்லை, முதல் கல் தானாக வந்தது. மற்ற இரண்டும் அவருடையது. கண்ணை மூடிக்கொண்டு சப்பிச் சப்பிக் குடித்ததே, அது.

இப்போது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இவள் மகள் தலையில் சத்தியம் செய்துவிட்டாள். அது பொய்ச் சத்தியம் என்று இந்த அறையில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கோயம்புத்தூரில் அந்தப் பெண் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருப்பாளோ என்றெல்லாம் மனசு ஓடியது. சாமி பூதத்துக்கெல்லாம் பெரிதாகப் பயப்படாதவர்தான், ஆனால் பயம் வந்துவிட்டால் ஆள் பார்த்தா வருகிறது?

டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டார். "அப்பிடின்னா இது அதோட ஒடம்புவாகுங்க. சில பிராணிகளுக்கு என்ன குடுத்தாலும் கல்லு கட்டும். நம்ம கையில ஒண்ணும் இல்ல. வயித்த மறுபடி தெறக்கறதுக்கு எனக்குத் தைரியமில்ல. லேசா மயக்கம் குடுத்து, அறுக்காம அந்த வழியாவே கல்லத் தள்ளிப் பாக்கலாம். வரலாம், வராமயும் போகலாம். வந்தாலும் ரெண்டு மாசத்துல அடுத்தது வரும். எத்தன தடவ இந்த வலியத் தாங்கும்? நானா இருந்தா..." படத்தை மேசையில் வைத்தார். "நானா இருந்தா வலியில்லாம தூங்க வெச்சிருவேனுங்க. ஓசன பண்ணிச் சொல்லுங்க, அவசரமில்ல."

சௌந்திரம் அப்போதுதான் அழுதாள். "நான் என்ன தப்புப் பண்ணுனேனுங்க டாக்டரம்மா? பொங்கலன்னிக்கு ஆசையாப் பாத்துச்சேன்னு ரெண்டே ரெண்டு முருங்க எலை குடுத்தேன். நோட்டுல எழுதியிருக்கறேன் பாருங்க. அதனாலயா?"

"ரெண்டு எலையில ஒண்ணும் ஆயிராதுங்க."

"இல்லீங்க, அதேதான். நாந்தான் கொன்னுபோட்டேன்."

மணிமாறன் "ஒரு போன் பேசிட்டு வாரேன்" என்று சொல்லி வெளியே வந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். மறுமுனையில் யாரும் இல்லை. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வெயில் மண்டையைப் பிளந்தது.

அந்த வெயிலில் நின்றுகொண்டு அவர் நினைத்ததை நினைத்துப் பார்க்கவே பிறகு அவருக்குக் கூசியது. டாக்டர் ஊசி போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. பணியாரம் தூங்கிவிடும். வீட்டுக்குப் போனதும் அந்த மருந்துப் புட்டியைக் கோழிக் குழியில் போட்டு மூடிவிடலாம். சௌந்திரம் ஒரு மாதம் அழுவாள், அப்புறம் தேறிவிடுவாள். டாக்டரே உடம்புவாகு என்று சொல்லியாயிற்று. யாருக்கும் தெரியப் போவதில்லை. எவ்வளவு லேசாக இருக்கிறது பார் என்று மனசு சொல்லிற்று. அந்த லேசைக் கண்டுதான் அவர் அதிகம் பயந்தார். தன்னிடம் இப்படி ஓர் ஆள் இருக்கிறான் என்று நாற்பத்தெட்டு வருஷமாக அவருக்குத் தெரியாது.

உள்ளே போனார். மேசையில் துண்டை விரித்து அதன்மேல் பணியாரத்தை வைத்திருந்தார்கள். வலிக்கு ஓர் ஊசி போட்டிருந்ததால் கொஞ்சம் அமைதியாகக் கிடந்தது. சௌந்திரம் ஒரு விரலால் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் வந்ததைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எதுவும் சொல்லலீங்க. நீங்களே சொல்லுங்க" என்றாள். "எங்கையில அது கண்ணத் தெறந்துக்கிட்டேதான் இருக்கும். உங்க கையிலதான் கண்ண மூடிக்கும். அதுக்கு உங்க மேல அத்தன நம்பிக்கைங்க. நீங்க என்ன சொல்றீங்களோ, அது."

இதைக் கேட்ட பிறகு ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவன் மனிதனில்லை. ஆனால் மணிமாறன் அதற்கப்புறமும் மூன்று நான்கு மூச்சு நேரம் சும்மாதான் நின்றார். உண்மையைச் சொல்வதானால் அப்படித்தான் நின்றார்.

"நான் குடுத்தேன்" என்றார்.

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கோழிக்கு உடற கால்சியம். மொத ஆபரேசன் ஆனதுலயிருந்து. தெனம் ஒரு மில்லி. ரெண்டாவதுக்கு அப்பறம் ரெண்டு மில்லி. நேத்து வரைக்கும் குடுத்தேன்." பணியாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காலு விழுந்து கெடந்துச்சு. எழுப்பி உடலாம்னுதான் குடுத்தேன். கல்லு அதனாலதான் வருதுன்னு எனக்குத் தெரியாதுங்க டாக்டரம்மா. சத்தியமாத் தெரியாது."

சத்தியம் என்ற சொல் வாயில் வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்டரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எந்த மருந்து, எந்த நேரம், எத்தனை நாள் என்று வரிசையாகக் கேட்டார். கேட்கக் கேட்க டாக்டர் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

"அப்ப ஒடம்புவாகு இல்லீங்க" என்றார் கடைசியில். "நிறுத்துனா நிக்கும். மறுபடியும் வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா வராம தடுக்கப் பாக்கலாம். இன்னேரம் நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் ஊசியப் போட்டிருப்பேன்." எழுந்து கையுறையை மாட்டினார். "இந்தக் கல்ல மொதல்ல எடுக்கோணும். மயக்கம் குடுக்கறதே ஆபத்துதான், தெரிஞ்சுக்குங்க. வெளிய உக்காருங்க."

முக்கால் மணி நேரம். வெளியே ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. ஒரு முனையில் சௌந்திரம், மறுமுனையில் மணிமாறன். நடுவில் காலிக் கூடை. அவள் அவரைப் பார்க்கவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அவருக்கு இரண்டு பயம். கதவு திறந்து டாக்டர் தலையை ஆட்டிவிடுவாரோ என்று ஒன்று. பக்கத்தில் இருப்பவள் வாயைத் திறப்பாளோ, திறக்கவே மாட்டாளோ என்று இன்னொன்று. உள்ளே ஒருமுறை பணியாரத்தின் கத்தல் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. கத்தலைவிட அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"சௌந்திரம்" என்றார்.

அவள் கையை லேசாக உயர்த்தினாள், வேண்டாம் என்பதுபோல்.

கதவு திறந்தது. டாக்டர் உள்ளங்கையில் ஒரு பஞ்சு, பஞ்சின்மேல் பழுப்பு வெள்ளையில் சொரசொரப்பாக ஒரு கல். "வந்திருச்சுங்க. கொஞ்சம் கிழிஞ்சிருக்குது, ஆறிரும். மூச்சு நல்லா இருக்குது." சௌந்திரம் கல்லைப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். மணிமாறன்தான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோழித் தீவனத்தில் கலக்கிற கிளிஞ்சல் துண்டு எந்த நிறமோ, அதே நிறம்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவள் பேசவில்லை. நான்கு மாதத்துக்கு அவர் மனசைத் தயார் செய்துகொண்டார். ஆனால் மறுநாள் காலையில் "காப்பி ஆறுதுங்க" என்றாள். எப்போதும்போல் சோறு போட்டாள், முட்டைக் கணக்குச் சொன்னாள், அபிநயா போனில் கூப்பிட்டால் "அப்பாகிட்டப் பேசு" என்று கொடுத்தாள். நடந்ததைப் பற்றி மகளிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணிமாறனுக்கு இது விளங்கவில்லை. தண்டனை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வீட்டுக்குள் பதுங்கிப் பதுங்கி நடந்தார்.

புட்டியை அன்றே அவளுக்கு எதிரிலேயே கொட்டிவிட்டார். கோழிகளுக்கான மருந்தையும் வீட்டிலிருந்து எடுத்துப் பண்ணைக் கொட்டகையில் வைத்துப் பூட்டி, சாவியை அவளிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள். மதியம் மூன்று மணிக்குப் பணியாரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீச்சிட்டது. அதற்கு என்ன தெரியும்? அவர் கொல்லைப் பக்கமாகப் போய் நின்று காதைப் பொத்திக்கொண்டார். பத்து நாளில் அது மறந்துவிட்டது.

ஒவ்வொரு நாளும் காலையில் அவர் முதலில் பார்த்தது அந்தத் துணியைத்தான். மஞ்சளாக இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கும். கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தால் அன்றைக்கு நாலு தடவை வந்து பார்ப்பார். தொட மாட்டார். கூண்டுக்கு இந்தப் பக்கமே நின்று குனிந்து பார்ப்பார். சித்திரையில் எடுத்த எக்ஸ்ரேயில் மூத்திரப் பை சுத்தமாக இருந்தது. மணல்கூட இல்லை. டாக்டர் படத்தைக் காட்டியபோது மணிமாறன் அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். சௌந்திரம் அவர் தோளில் கையை வைத்து "செரி உடுங்க" என்றாள். அன்றோடு எல்லாம் முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார்.

வைகாசியில் சேந்தமங்கலத்தில் சௌந்திரத்தின் தம்பி பிள்ளைக்குக் காது குத்து. இரண்டு நாள் விசேஷம். கோழிகளை விட்டுவிட்டு மணிமாறனால் நகர முடியாது, அவள் மட்டும் போவதாக ஏற்பாடு. அன்றைக்குக் காலையில் அவர் பண்ணையிலிருந்து வந்தபோது வாசலில் ஒரு துணிப் பை இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டு உலர்ந்த புல், தராசு, கேன் தண்ணீர் நிரப்பின இரண்டு பாட்டில், நோட்டு. சௌந்திரம் பணியாரத்தைக் கூடைக்குள் வைத்து மேலே துணி கட்டிக்கொண்டிருந்தாள்.

"அதையுமா கொண்டுட்டுப் போற?" என்றார்.

"ஆமாங்க."

"அங்க மேளம், மைக் செட்டு, அத்தன கூட்டம். சின்னச் சத்தத்துக்கே அது நடுங்குமே. வெயில் வேற." கொஞ்சம் தயங்கினார். "ரெண்டு நாளுதான. நான் பாத்துக்கறேன். நோட்டப் பாத்து, எடை போட்டு, நீ எழுதி வெச்சாப்பலயே குடுக்கறேன். வேற ஒண்ணும் தர மாட்டேன், சௌந்திரம்."

அவள் முடிச்சைப் போட்டு முடித்தாள். நிமிர்ந்து அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும், இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

"தெரியுமுங்க" என்றாள். "நீங்க ஒண்ணும் பண்ண மாட்டீங்க. இனிமேலு நீங்க அதத் தொடவே பயப்படுவீங்கன்னு எனக்கு நல்லாத் தெரியுமுங்க. ஆனா அங்க போயி நானும் நிம்மதியா ஒரு வாய் சோறு திங்கோணுமில்லீங்க?"

அவர் தண்ணீர் பாட்டில்களையும் புல் கட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் அவளுக்குப் பின்னால் நடந்தார். கூடையை அவளே வைத்துக்கொண்டாள். பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டிலுக்குக் கையை நீட்டினாள். ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே கொடுத்தார். கடைசிப் பாட்டிலை வாங்கியதும், தானே நிரப்பியதுதான் என்றாலும் அவள் அதன் மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, ஒரு மிடறு குடித்துவிட்டு மூடிக்கொண்டாள்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

"கோவிக்கல" என்றார் மணிமாறன்.

பஸ் கிளம்பியது.